பத்து லட்சத்து ஒன்று

காக்ஸ் டவுனில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் சாரை எனக்குப் பிடிக்காது. நான் பத்தாம் வகுப்புக்கு எடுக்கிறவள். நான் திருத்திய விடைத்தாளில் ஒரு கூட்டல் தப்பைத் தலைமை ஆசிரியை முன்னாலேயே எடுத்துக் காட்டியவர் அவர்.

போன வருஷம் ஒரு மத்தியானம், டிபன் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: "மேடம், பத்து லட்சத்து ஒண்ணு பகா எண். எதாலயும் வகுபடல. போனைத் தொடாம கையாலயே போட்டுப் பாத்தேன்."

அவர் வகுப்புச் சுவரில் தொங்கும் பகா எண் சார்ட் தொண்ணூற்றேழோடு முடிகிறது. அந்த இருபத்தைந்து எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு மனுஷர் நிறுத்திவிட்டார். இவ்வளவு பெரிய எண்ணுக்கு ஆயிரம் வரைக்கும் போயிருக்க வேண்டும். சார்ட்டைத் தாண்டி அடுத்த பகா எண்ணே நூற்றொன்று. அதால் மீதியில்லாமல் வகுபடும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

"சூப்பர் சார். மேத்ஸ் டே அன்னிக்குப் பிள்ளைங்க முன்னாடி சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். பள்ளி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் கேட்டேன்: "நூத்தியொண்ணால வகுத்துக் காட்டுங்களேன் சார்."

போர்டில் வகுத்தார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று வந்தது, மீதி பூஜ்யம். சாக்பீஸைப் போர்டிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்து அவருடைய பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் திரும்பி அவர்களைக் கும்பிட்டார்.

எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் தட்டிக்கொண்டிருந்தேன்.