தமிழில் கத்திய நாரை

பேர்பெச்சுவா கதிரையில் உட்கார்ந்து நான் கண்டது இரண்டே தடவை. முதல் தடவை 2018இல், அவருடைய மகளின் கலியாணத்தில். அதுவும் படம் எடுப்பவர் வற்புறுத்தியதால். இரண்டாவது தடவையைப் பின்னர் சொல்கிறேன். மற்ற நேரமெல்லாம் அவர் நிற்பார் அல்லது நடப்பார். எங்கள் வுப்பர்டால் நகரத்துத் தொங்கு ரயிலில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் கதவோரம் நின்று பையைக் கை மாற்றி மாற்றிப் பிடிப்பார். செபமாலையைக்கூட வீட்டுக்குள் நடந்தபடியே சொல்லி முடிப்பார். “உவவுக்குக் காலில சில்லுப் பூட்டியிருக்கு” என்பார் அவருடைய கணவர் அல்பேர்ட்.

அவர் பிறந்தது 1971இல், மன்னார் பேசாலையில். 1990இல் படகேறி இராமேஸ்வரம். இரண்டு ஆண்டுகள் மண்டபம் முகாம். பல இடம் சுற்றி 1997 மார்ச்சில் ஜெர்மனி. பன்னிரண்டு ஆண்டுகள் அலுவலகங்கள் துப்புரவாக்கினார். 2009 ஓகஸ்ட் 17, திங்கட்கிழமை, வுப்பர்டாலில் எங்கள் மேட்டுப் பாடசாலையின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஐந்தாம் வகுப்பு முதல் பதின்மூன்றாம் வகுப்பு வரை எண்ணூற்று அறுபது பிள்ளைகள் படிக்கிற பாடசாலை. மதியம் தட்டை நீட்டும் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கோ சோறோ போடுவது அவர். பிள்ளைகள் “ஹலோ” என்பார்கள், “நன்றி” என்பார்கள். பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. தமிழ்ப் பிள்ளைகள் பதினான்கு பேர் மட்டும் “அன்ரி” என்பார்கள்.

இந்தப் பாடசாலையின் சின்னம் சாம்பல் நாரை. மேட்டுக்குக் கீழே ஆற்றில் எந்தக் காலநிலையிலும் ஒன்றிரண்டு நாரைகள் நிற்பதால் அப்படி. 2003இல் பாடசாலையின் ஆதரவாளர் சங்கம் ஆள் உயர நாரை உடை ஒன்றைத் தைப்பித்தது. சங்கத்தில் பெற்றோர், பழைய மாணவர், ஆசிரியர், சந்தியில் கடை வைத்திருக்கும் பேக்கரிக்காரர் எல்லோரும் உண்டு. கூட்டக் குறிப்பும் உடையின் பதிவேடும் என் பொறுப்பு. விளையாட்டுப் போட்டியிலும், வெளியார் பாடசாலையைப் பார்க்க வரும் திறந்த நாளிலும் புதிய பிள்ளைகளை வரவேற்கும் நாளிலும் நாரை வரும். முதலில் ஓர் இளம் ஆசிரியர் அதைப் போட்டார். அவர்தான் என்று பிள்ளைகள் கண்டுபிடித்ததும் இடைவேளையில் அவரை மறித்து அலகைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். அதனால் 2004 பெப்ரவரிக் கூட்டத்தில் ஒரு விதி எழுதினோம்: உள்ளே இருப்பவர் யாரென்று மாணவர் அறியக் கூடாது; அறிந்தால் உடை வேறொருவருக்குப் போகும். சங்கத்திலும் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். தலைமை ஆசிரியை, பாடசாலைப் பராமரிப்பாளர், பதிவேடு எழுதுகிற நான்.

2016 ஜூன் 17 அன்று வெயில் முப்பத்தொரு பாகை. உடைக்குள் இருந்த பயிற்சி ஆசிரியருக்கு மயக்கம் வந்தது. அவரைச் சமையலறைக் களஞ்சியத்துக்குக் கூட்டிவந்து உடையைக் கழற்றினோம். பேர்பெச்சுவா அவருக்கு உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் கொடுத்தார். வெளியே பிள்ளைகள் நாரையைக் கேட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணை, உது என்ன உயரம்?” என்று கேட்டார்.

“நூற்று அறுபது சென்ரிமீற்றர் வரைக்கும்.”

“நான் நூற்று ஐம்பத்தெட்டு. சமையலறைச் சூட்டில நிண்டு பழகின எனக்கு உது என்ன பெரிய சூடு? அஞ்சு நிமிசம் போட்டிட்டு வாறன்.”

வெளியே போனவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அலகுக்குக் கீழுள்ள கீறல் வழியாகத்தான் வெளியுலகம். இடது கால் குழாய் முறுகிவிட்டதால் காலைத் தூக்கி அப்படியே நின்றுவிட்டார். நாரை ஒற்றைக்காலில் நிற்கிறது என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். ஒரு நிமிடம் பத்துச் செக்கன். அன்று தொடக்கம் உடை அவருடையதாயிற்று; ஒற்றைக்காலும் வழக்கமாயிற்று: நாரை ஒரு காலைத் தூக்கும், மைதானம் முழுவதும் சேர்ந்து எண்ணும். ஆகக்கூடியது 2022இல், நான்கு நிமிடம் ஆறு செக்கன். கதிரையில் இரண்டு நிமிடம் இருக்க ஏலாத அந்த மனிதர் உடைக்குள் ஒரு சிறகும் ஆடாமல் நிற்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அதுக்குள்ள என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். கால் தானாய் நிக்குது” என்றார். வருடத்தில் ஏழெட்டுத் தடவைதான். அந்த நாட்களை நாட்காட்டியில் பென்சிலால் சிறிய மீன் வரைந்து குறித்து வைப்பார்.

கடந்த செப்டெம்பர் 12, வெள்ளிக்கிழமை, விளையாட்டுப் போட்டி. அவருக்கு அது எழுபத்தோராவது தடவை. 11.42க்கு ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மைதானத்தின் பின்பக்கக் கம்பி வேலியில் ஏறி மேல் கம்பியில் கால் போட்டாள். வேலிக்கு மறுபக்கம் மூன்று மீற்றர் பள்ளம், கீழே கொங்கிறீற். அதைப் பார்த்த ஒரே உயிர் நாரைதான். ஒன்பது ஆண்டுகள் பேசாத நாரை, இரண்டு சிறகையும் அடித்துக்கொண்டு ஓடியபடி கத்தியது:

“ஏய்! இறங்கடி கீழ! பாத்து! விழுந்து சாகப்போறாய்!”

சிறுமிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இறங்கிவிட்டாள். மைதானம் முழுவதும் நாரையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஓட்டப்போட்டி தொடங்கியது.

நாரை உடை வைக்கும் கொதிகலன் அறையில் உடை மாற்றும்போது பேர்பெச்சுவா கேட்டார்:

“அண்ணை, கேட்டதோ?”

“கேட்டது.”

“எவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்கும்?”

“நான் முப்பத்தெட்டு மீற்றர் தள்ளி நிண்டனான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினது.”

“தமிழிலயோ கத்தினனான்?”

“ஓம்.”

“ஐயோ மாதாவே. ஜெர்மனில கத்தியிருக்கலாம். இருவத்தெட்டு வருசம் பேசின மொழி, அந்த நேரம் பாத்து வாயில வரேல்லை.”

அந்தச் சனி ஞாயிறில் எனக்கு ஆறு தடவை தொலைபேசி எடுத்தார். யாராவது ஏதாவது சொன்னார்களா என்பதே ஒவ்வொரு தடவையும் கேள்வி. பின்னால் குழாய்த் தண்ணீரும் துடைக்கும் சத்தமும் கேட்டன. ஐந்தாவது தடவை அல்பேர்ட் தொலைபேசியை வாங்கினார். “அண்ணை, இவ நேற்றிலயிருந்து யன்னலை மூண்டு தரம் துடைச்சிட்டா. இனிக் கண்ணாடி தேஞ்சு ஓட்டை விழும். நாரைக்கு மீன் பொரிச்சு வைச்சாலும் தின்னுதில்லை.”

திங்கட்கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் வகுப்புத் தலைவி ஆரணி தட்டை நீட்டினாளாம்.

“அன்ரி, நாரைக்குத் தமிழ் தெரியுமாம். கேள்விப்பட்டனீங்களோ?”

“எனக்கென்னடி தெரியும்? உருளைக்கிழங்கு போடட்டோ?”

“விழுந்து சாகப்போறாய் எண்டு சொன்னதாம். எங்கட அம்மா மாதிரியே சொல்லுது.”

“சோஸ் வேணுமோ, வேண்டாமோ? பின்னால ஆக்கள் நிக்கினம்.”

அன்று அவர் ஆரணிக்கு மூன்று பேருக்கான உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார். அதைக் கவனித்ததும் வேலை முடிந்த பிறகுதான்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்கத்தின் கூட்டம். ஒன்பது பேர். ஜெர்மன் மொழியில் நடந்ததைத் தமிழில் தருகிறேன். தலைமை ஆசிரியை திருமதி ஹோல்ட்கம்ப் விதியை வாசித்தார். நாரை பேசிய காணொளி ஒன்று பிள்ளைகளின் கைபேசிகளில் சுற்றுவதாகச் சொன்னார். பேக்கரிக்காரர், “அது என்ன மொழி?” என்று கேட்டார்.

“தமிழ்” என்றேன். பொய் எழுதவும் சொல்லவும் எனக்கு வராது.

எல்லோருடைய கண்ணும் நிதினின் பக்கம் திரும்பியது. நிதின் கோயம்புத்தூர்க்காரர், இரண்டு ஆண்டுகளாக எங்கள் கணித ஆசிரியர், சங்கத்தில் ஆசிரியர்களின் பிரதிநிதி. அவர் என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: “சார், நான் சிக்ஸ் ஃபீட் சார். அந்த டிரெஸ்ல என் முழங்கால்கூட நுழையாது. ப்ளீஸ், நீங்களாவது சொல்லுங்க.”

அந்த நேரம் கதவு திறந்தது. பேர்பெச்சுவா கோப்பிக் குடுவையுடன் வந்தார். கூட்டத்துக்குக் கோப்பி கொடுப்பதும் அவர் வேலை. ஊற்றிவிட்டுப் போனார். ஆறு நிமிடத்தில் மறுபடி வந்தார். பேக்கரிக்காரர், “விதி விதிதான், உடை கைமாற வேண்டும்” என்று சொல்லும்போது மூன்றாவது தடவையாக வந்து, நிறைந்திருந்த கோப்பைக்கு மேலும் ஊற்றி மேசைவிரிப்பை நனைத்தார்.

“அக்கா, காபி போதுங்க. இன்னிக்குத் தூக்கமே வராது” என்றார் நிதின்.

“தூக்கம் ஒருத்தருக்கும் வராது தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் துணி எடுக்கப் போனார்.

திருமதி ஹோல்ட்கம்ப் ஒரு வழி சொன்னார். நாரை பேசியது என்பதற்காக உள்ளே இருப்பவரை மாணவர் அறிந்துவிட்டார்கள் என்று ஆகாது. அறிந்தார்களா என்று அவர்களிடமே கேட்போம். பாடசாலைச் சஞ்சிகைக்கு ஒரு புதிர் என்று சொல்லி, இருபத்தேழு வகுப்புகளிடமும் ஒவ்வொரு துண்டுக் காகிதம் எழுதி வாங்குவோம்: நாரைக்குள் யார்? ஒரு துண்டிலாவது சரியான பெயர் இருந்தால் உடை கைமாறும். ஏழுக்கு இரண்டு என்று முடிவாயிற்று. எதிர்த்த இருவரில் நானும் ஒருவன். கேள்வியே பிள்ளைகளைத் தேட வைத்துவிடும் என்று பயந்தேன்.

துண்டுகள் வருவது அடுத்த புதன்கிழமை. அந்த ஆறு நாட்களும் பேர்பெச்சுவா உடையைக் கேட்டுக் கேட்டுப் பார்க்க வந்தார். ஒருநாள் அலகைத் துடைத்தார். ஒருநாள் கழன்றிருந்த இறகு ஒன்றைத் தைத்தார். “போறதெண்டாலும் நல்லபடியாய்ப் போகட்டும்” என்றார். மூன்றாவது நாள் ஒன்றும் செய்யாமல் கொதிகலன் அறையை நீளவாக்கில் நடந்தார். பதினொரு அடி போக, பதினொரு அடி வர.

செப்டெம்பர் 24, மதியம் 2.15. சாப்பாட்டு மண்டபம் காலியானபின் நானும் அவரும் மட்டும். துண்டுகளை மேசையில் பிரித்து வைத்து வாசித்தேன். விளையாட்டு ஆசிரியர், ஒன்பது. நிதின், எட்டு. பராமரிப்பாளர், ஐந்து. தலைமை ஆசிரியை, மூன்று. என் பெயர்கூட ஒன்றில் இருந்தது.

“மற்றது?”

“மற்றதெல்லாம் அவ்வளவுதான். உங்கட பேர் ஒண்டிலயும் இல்லை. உடை உங்களுக்குத்தான்.”

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இதுதான் நான் சொன்ன இரண்டாவது தடவை.

“ஒண்டு கூடவோ இல்லை?”

“இல்லை.”

“பதினாறு வருசமாய் அதுகளுக்குச் சாப்பாடு போடுறன் அண்ணை. ‘சூடு, பாத்துப் பிடி’ எண்டு ஒரு நாளைக்கு முந்நூறு தரம் இதே குரலில சொல்லுறன். ஆறடிப் பெடியனையும் எழுபத்திநாலு வயது உங்களையும் நினைச்சதுகளுக்கு என்னை நினைக்கத் தோன்றேல்லையே?”

கண்டுபிடிக்கக் கூடாது என்று பன்னிரண்டு நாள் தவித்தவர், கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டபோது அழுதார். துண்டுகளைத் திரும்ப எண்ணினேன். இருபத்தாறு. ஒன்று என் கோப்பின் மடிப்புக்குள் இருந்தது. ஏழாம் வகுப்பு ஆ பிரிவுடையது. ஆரணியின் கையெழுத்து. ஜெர்மனில் ஒரே வரி: நாரைக்குள் நாரைதான் இருக்கிறது, அதைச் சும்மா விடுங்கள்.

பேர்பெச்சுவா அதை இரண்டு தடவை வாசித்தார்.

“இதைத் தாங்கோ அண்ணை.”

“அது சங்கத்தின்ர பதிவு. தர ஏலாது.”

“நீங்களும் உங்கட பதிவும்” என்று மூக்கைத் துடைத்தார். ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

ஆனாலும் உடையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. “வேற ஆளைப் பாருங்கோ” என்றார். ஒக்டோபரில் நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் பானை கழுவுகிற சத்தத்தைக் கூட்டினார். திறந்த நாள் நவம்பர் 22 சனிக்கிழமை, காலை பத்து மணி. வேறு ஆள் நான் தேடவில்லை. 9.20 வரை கொதிகலன் அறை வாசலில் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தேன். 9.21க்கு அவர் வந்தார்.

“பாக்காதேங்கோ. கால் குழாயை நேராய்ப் பிடியுங்கோ” என்றார்.

முற்றத்தில் நல்ல கூட்டம். நாரை நடுவில் போய் நின்றது. இடது காலைத் தூக்கியது. பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். நாற்பதை நெருங்கும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் தமிழில் கேட்டது:

“பாத்து! விழுந்து சாகப்போறாய்!”

நாரையின் அலகு குலுங்கியது. பிறகு கழுத்து, பிறகு இரண்டு சிறகும். உள்ளே சிரிப்பை அடக்க அவர் படுகிற பாடு எனக்கு விளங்கியது. மற்றவர்கள் குளிர் என்று நினைத்திருக்கலாம். கால் நிலத்துக்கு வந்துவிட்டது.

பதிவேட்டில் எழுதினேன்: எழுபத்திரண்டாவது தடவை. வெப்பநிலை மூன்று பாகை. உடையில் சேதம் இல்லை. நின்ற நேரம் நாற்பத்தொரு செக்கன். இதுவரை பதிந்ததில் ஆகக்குறைந்தது.