மெட்ராஸ் போய் வந்த கீபோர்டுக்காரன்

எந்த ஊரில் இருந்தால் கீபோர்டு வாசித்துப் பிழைக்கலாம் என்று நானும் என் மனைவியும் ஒரு பங்குனி முழுக்கச் சண்டை போட்டோம். எங்கள் திருநெல்வேலியில் சித்திரையிலும் ஆடியிலும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்கள் வரும். மெல்லிசைக் குழுவில் இருப்பவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மதுரையில் ஏற்கெனவே தெருவுக்கு நாலு பேர் வாசிக்கிறார்கள். என் மண்டையில் ஏறியது மெட்ராஸ் ஒன்றுதான். ஸ்டூடியோவில் நுழைந்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை என்று ஒரு கிறுக்கு.

"இங்கன ஒங்களத் தெரியாத ஊரு உண்டா? அங்கன போனா ஒங்கள யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள். நான் காதிலேயே வாங்கவில்லை.

ஆனியில் அழைப்பு வந்தது. கூடப் படித்தவன் ஒருவன் சென்னையில் ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளனாக இருந்தான். உடனே வந்தால் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். ஆனால் ஆடிக் கொடைகளுக்கு நான் வெற்றிலை வாங்கியிருந்தேனே! எங்கள் பக்கம் தேதி பேசியதும் அம்மன் சன்னதியில் வைத்து வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். வாங்கியவன் வாசித்தே ஆக வேண்டும். காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு மேடையேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கைத் தட்டிவிட்டு ரயில் ஏற எனக்குத் துணிச்சல் இல்லை.

குழுவை நடத்தும் அண்ணாச்சியின் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மேடையில் பாடுகிற அத்தனை பாட்டுக்கும் என் பங்கை வாசித்து அவர் லேப்டாப்பில் பதிவு செய்தேன். ஏனோதானோ என்று இல்லை. மணிக்கட்டு வீங்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆள் இல்லாவிட்டாலும் என் வாசிப்பு அம்மன் முன்னால் ஒலித்தால் வாக்குத் தப்பாது என்று ஒரு கணக்கு. அட, என்ன கணக்கு! அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏலே, ஒன்ன மாதிரி யோக்கியன் எங்கலே கெடைப்பான்?" என்றார்.

மெட்ராஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுடறோம் தம்பி. தேவைப்பட்டா கூப்பிடறேன்" என்றார் இசையமைப்பாளர். சாலிகிராமத்தில் ஒரு அறையில் காத்துக் கிடந்தேன். கூப்பிட்டதெல்லாம் ஒயர் சுருட்டத்தான். ஊரில் மனைவி தையல் மெஷினை மிதித்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வைகாசியில் திரும்பி வந்துவிட்டேன்.

வந்ததும் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன்.

"அண்ணாச்சி, இந்த ஆடிக்கு நான் வாசிக்கேன்."

அவர் புரியாமல் பார்த்தார். "நீதானலே வாசிக்க! போன ஆடியில இருந்து எல்லாக் கொடையிலயும் நீதான். லேப்டாப்புல தட்டிவிட்டாப் போதும், சுதி பெசகாது, தாளம் பெசகாது."

கேலி இல்லை. மனமாரப் பாராட்டினார், மனுஷன்.

"நேர்ல வாசிச்சா இன்னும் நல்லா இருக்கும்லா, அண்ணாச்சி?"

"இருக்கும்லே. ஆனா பாடுறவங்க அதுக்குப் பழகிட்டாங்க. நீ புதுசா ஒண்ணு வாசிச்சா தடுமாறிருவாங்க." கொஞ்சம் யோசித்தார். "மேடையில ஆளு நின்னா ஒரு எடுப்புத்தான். நீ கீபோர்டு முன்னால வந்து நில்லு. சத்தத்த மட்டும் மூடி வச்சிரு, ரெண்டும் மோதும்."

சவம், போங்கள் என்று எழுந்து வந்திருக்க வேண்டும். "சரி அண்ணாச்சி" என்றுதான் வாயில் வந்தது.

முக்கூடல் பக்கம் ஒரு கொடை. சாயங்காலக் கச்சேரிக்கு மனைவியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சத்தத்தை மூடியிருக்கும் விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. என் விரல்கள் கட்டைகளில் ஓடின. முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டியில் வாசித்தவன், மெட்ராஸுக்குப் போகப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் இருந்த போன வருஷத்து நான். நன்றாகத்தான் வாசித்தான், பாவி. நடுவில் ஒருமுறை கையை எடுத்துப் பார்த்தேன். பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பைக்கில் வீடு திரும்பும்போது பின்னால் இருந்து மனைவி என் தோளைப் பிடித்தாள்.

"நாந்தான் ஒண்ணும் தெரியாம ஒங்களத் தடுக்கப் பாத்தேன். மெட்ராஸ் போயிட்டு வந்த பொறவு ஒங்க கை எப்படித் தெளிஞ்சிட்டு! போனது வீண் போகல, என்ன?"

"ஆமா" என்றேன்.