மடியில் ஒரு பீப்பா

சான்ட்ரிங்ஹாமில் பேருந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மா, சின்ன மரப்பீப்பா ஒன்றை மடியில் வைத்து விரலால் தட்டிக்கொண்டே வந்தார். நரைத்த தலை, மஞ்சள் மழைக்கோட்டு. தமிழ் முகமாகத் தெரிந்ததால், "நீங்க எந்த ஊரு?" என்றேன். சிரித்துக்கொண்டே பீப்பாவை இன்னொரு தடவை தட்டினார்.

"இந்த பேரல் எதுக்கு?"

"கறிவேப்பிலை நட. பீப்பா எண்டு சொல்லுங்கோவன்."

"அது தமிழ்தானே?"

"இப்ப தமிழ்தான். போர்த்துக்கீசரோட கப்பலில வந்த சொல். எங்கயிருந்து வந்தனீ எண்டு அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. என்னை இந்த வெளிநாட்டில இண்டைக்கும் கேக்கினம். அந்தச் சொல்லைப் போல இருக்க எனக்கும் ஆசைதான்."

அவருடைய நிறுத்தம் வந்தது. பீப்பாவை அணைத்தபடி இறங்கிப்போனார்.

அந்தப் பேருந்தில் இப்போதும் மஞ்சள் கோட்டைத் தேடுகிறேன். பார்த்தால், கறிவேப்பிலை வேர் பிடித்ததா என்று மட்டும்தான் கேட்பேன்.