என் வீட்டுக்காரர் காற்றோடு போட்ட சண்டை

இங்கிலாந்து மகாராணி இலங்கைக்கு வந்து போனதற்கு மறுவருஷம் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. பொகவந்தலாவைக் கடைத்தெருவிலிருந்து மேலே ஏறிப் போனால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். எனக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில் வேலை. எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு இதை நான் தலைபாடாய் அடித்துக்கொண்டு சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

அவர் தோட்டத்துக்கு வருமுன் ஹட்டனில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவர். அங்கே பின்கட்டில் நாலைந்து இளவட்டங்கள் சேர்ந்து குத்துச்சண்டை பழகியிருக்கிறார்கள். ஒரு போட்டியில் ஜெயித்துக் கிண்ணம்கூட வாங்கியிருக்கிறார். தோற்ற போட்டியும் உண்டு, அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி ஹட்டனில் மறுபடி போட்டி வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

தீபாவளி கழிந்த மழையில், லொறிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும்போது நனைந்த பலகையில் கால் வழுக்கி விழுந்தார். பெட்டி வலது தோள்மேல் விழுந்தது. எலும்பில் விரிசல் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, அசையாமல் கிட என்று அனுப்பிவிட்டார்கள்.

அசையாமல் கிடக்கிற ஆளா அவர்? வலி கொஞ்சம் மட்டுப்பட்டதுமே ஆரம்பித்துவிட்டார். நிழல் சண்டை என்று அதற்குப் பெயராம். எதிரே ஆள் கிடையாது. ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு குத்தவேண்டும், அவன் திருப்பிக் குத்துவதாக நினைத்துக்கொண்டு குனியவேண்டும், விலகவேண்டும். வலது கை கட்டுக்குள் இருக்க, இடது கையால் காற்றைக் குத்திக்கொண்டு முன்னும் பின்னும் குதிப்பார். ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கில் 'ஸ்... ஸ்...' என்று மூச்சு வேறு. எலும்பு உடைந்த மனுஷனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "கை சும்மா கெடக்கட்டும். காலு மறந்துருச்சுன்னா திரும்ப வராது புள்ள" என்பார்.

இதை வெளியே வைத்துச் செய்ய வழியில்லை. யாராவது பார்த்தால் தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கு ஐயாவின் காதுக்குப் போய்விடும். காற்றோடு மல்லுக்கட்டுகிறவனுக்குப் பெட்டி தூக்க முடியாதா என்று மறுநாளே வேலைக்கு இழுத்துவிடுவார். அதனால் விடியற்காலையில், நான் வேலைக்குக் கிளம்புமுன் அடுப்பில் ரொட்டி சுடும் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் காம்பிராவுக்குள்ளேயே குதித்தார். காம்பிரா என்றால் ஒரே ஒரு அறைதான். லயம் என்கிற அந்த வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒன்று. அதற்குள் அடுப்பு, பாய், நான், அவர், அவருடைய கண்ணுக்குத் தெரியாத எதிராளி எல்லாரும் இருந்தோம். பல நாள் எதிராளிக்கு விழவேண்டிய குத்து தண்ணீர்க் குடத்துக்கு விழுந்தது.

கைக்கட்டை அவிழ்த்தபிறகு வலது கையையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பார்த்தார். பாதி தூரம் போனதும் வலி உயிர் போகும். ஆனாலும் விடமாட்டார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. "போதும், விடுங்க" என்று கெஞ்சுவேன், சில நாள் கத்தியே விடுவேன்.

லயத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவில் சுவர் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறி நின்றுவிடும். அதற்கு மேலே வெறும் வெளி, எல்லாருக்கும் பொதுவாக ஒரே தகரக் கூரை. யார் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக் காம்பிராவில் இருந்த அக்காவுக்கு அவள் புருஷன் கையால் அடி விழுவதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேட்டதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் லயத்து மரியாதை. மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அந்த அக்கா வீங்கிய முகத்தோடு வந்து, வழுக்கி விழுந்துட்டேன் என்பாள், இல்லையென்றால் குளவி கொட்டிருச்சு என்பாள். நாங்களும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போவோம்.

இந்த நேரத்தில்தான் என்னை நிஜமாகவே குளவி கொட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக விறகு பொறுக்கப் போன இடத்தில், இடது கண்ணுக்குக் கீழே ஒரே கொட்டு. கண் மூடிக்கொண்டது, கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. பீலியடியில் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. நானாகவே, குளவி கொட்டிருச்சு என்று சொன்னேன். ஆமாமா, இந்தப் பக்கம் குளவி ஜாஸ்திதான் என்று தலையாட்டினார்கள். நல்ல சனங்கள், துருவித் துருவிக் கேட்காதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்ன மாதிரி மடச்சி நான்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் வந்து நின்றார். அவர் வட்டவளைப் பக்கத் தோட்டத்தில் இருப்பவர். ரயில் ஏறி ஹட்டனுக்கு வந்து, பஸ் பிடித்து, மலையேறி வரவேண்டும். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டதால் என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். முன்கோபி. ஒரு முடிவெடுத்தால் பிறகு யாராலும் மாற்றமுடியாது. நான் சந்தோஷமாக வாங்கண்ணே என்று தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். வீக்கம் வடிந்திருந்ததே தவிர, கண்ணைச் சுற்றிக் கருநீலம் இன்னும் இருந்தது.

"சாமானக் கட்டு. மூணு மணி பஸ்ஸுக்குப் போவணும்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் புருஷன் உன்னை அடிக்கிறதாகத் தகவல் வந்தது, இனி ஒரு நாள்கூட உன்னை இங்கே விடமாட்டேன் என்றார். இல்லவே இல்லை, இது குளவி கொட்டியது என்று சத்தியம் பண்ணினேன். "எல்லாப் பொம்பளயும் அதத்தான் சொல்றாளுக" என்றுவிட்டு அவரே என் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, வாங்க மச்சான் என்று சிரித்தார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். வலது தோள் போய் நிலைக்கதவில் இடித்தது. அவர் முகம் வெளுத்து, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். இடது கை நன்றாகத்தான் இருந்தது. குத்துச்சண்டை பழகியவர், நினைத்திருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாம். அந்தக் கையைத் தூக்கவே இல்லை. அதற்காகவே அந்த மனுஷனுக்கு இன்னொரு தடவை கழுத்தை நீட்டலாம் என்று தோன்றியது.

சத்தம் கேட்டு லயமே எங்கள் இஸ்தோப்பில் கூடிவிட்டது. அந்த முன்தாழ்வாரம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், கூட்டம் சேர நேரம் ஆகாது. அண்ணன் எல்லாரையும் பார்த்து, இவன் என் தங்கச்சியை அடிக்கிறானா இல்லையா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அடிக்கிறான் என்றும் சொல்லவில்லை, அடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக்கூடாதே! ஒருத்தர் தன் கால்விரலைப் பார்த்தார், இன்னொருத்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த மௌனமே என் வீட்டுக்காரருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அண்ணன் கூட்டிக்கொண்டு போய்விட்டால் திருப்பி அனுப்பமாட்டார் என்பது எனக்குத் தெரியும். என் குடித்தனம் அந்தப் பஸ்ஸோடு முடிந்துவிடும்.

அப்போது பக்கத்து அக்கா முன்னால் வந்தாள். அவள் புருஷன் அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போடி என்று அதட்டினான். அவள் போகவில்லை.

"நாந்தாண்ணே ஆள்கிட்ட சொல்லி விட்டேன். தெனம் விடியக்காலம் கேக்குது. காலு தடதடங்குது, இவரு மூச்சு வாங்குறாரு, இவ போதும் விடுங்க, போதும் விடுங்கன்னு கெஞ்சுறா. எப்புடி கேட்டுக்கிட்டுச் சும்மா கெடக்குறது?" என்றாள்.

எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் விளங்கியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. ஏங்க, எழுந்து அந்த நிழல் சண்டையைப் போட்டுக் காட்டுங்க என்று என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். அவர் மாட்டேன் என்றார். இத்தனை பேருக்கு முன்னாலா, கண்டாக்கு ஐயாவுக்குத் தெரிந்துவிடாதா என்று முனகினார். பெண்டாட்டி பஸ் ஏறப் போகிறாள், இவருக்குக் கண்டாக்கு பயம்! "இப்ப போடலன்னா நான் போயிருவேன், அப்புறம் காத்தோடயே குடும்பம் நடத்துங்க" என்றேன்.

எழுந்தார். ஈரத் தலையோடு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, இஸ்தோப்பில் நின்று இடது கையால் குத்தத் தொடங்கினார். கால் தடதடவென்று முன்னும் பின்னும் போனது. 'ஸ்... ஸ்...' என்று மூச்சு வந்தது. வலது கையையும் கொஞ்சம் நீட்டினார், முகம் கோணிப்போயிற்று. என்னை அறியாமல், "போதும், விடுங்க" என்று கத்திவிட்டேன்.

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரிக்க, லயம் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, மன்னிச்சுக்கங்க" என்று அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டார். தோள் மன்னிக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் எலும்பு மறுபடி விரிசல் விட்டிருக்கிறது என்று திரும்பவும் கையைக் கட்டினார்கள். சித்திரைப் போட்டி அவர் இல்லாமலே நடந்தது. கதை கண்டாக்கு ஐயா காதுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் கை கட்டுக்குள் இருந்ததால் அவராலும் ஒன்றும் செய்யமுடியவில்லை.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே பக்கத்து அக்கா உள்ளே போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேலியாகத்தான் கேட்டேன், ஏங்க்கா, குளவி கொட்டிருச்சுன்னு நான் உங்ககிட்டயும் சொன்னேன்ல, நம்பலயா என்று.

அவள் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானும் ஒங்கிட்ட அதையேதானடி சொன்னேன். நீ நம்புனியா?" என்றாள்.

நான் ஒரு தடவைகூட நம்பியதில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அண்ணன் அவளை, உனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையாம்மா என்று கேட்டார். எல்லாரும் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றாள். அண்ணன் நேரே வாசற்படியில் இருந்த அவள் புருஷனிடம் போய், சத்தம் போடாமல், "மாசம் ஒருக்கா தங்கச்சியப் பாக்க வருவேன். இனி எனக்கு இந்த லயத்துல ரெண்டு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு இறங்கினார். மாதா மாதம் வந்தார். முதலில் அந்தக் கதவைத் தட்டி, நல்லா இருக்கியாம்மா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி விசாரித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைவார். அடி அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். குறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் நானும், அக்கா, என்ன அங்க என்று குரல் கொடுக்கத் தொடங்கினேன்.

காற்றோடு சண்டை போட்டவனைப் பிடித்துக்கொடுத்தவள் என்று லயத்தில் ரொம்ப நாள் அவளைக் கேலி செய்தார்கள். அவள் செய்தது தப்புக் கணக்குத்தான், அதனால் ஒரு மனுஷனின் தோளும் போனது. ஆனாலும் எனக்காக ஒருத்தி வாயைத் திறந்தாள், அதற்கு அவள் என்ன வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டி வரும் என்று தெரிந்தே திறந்தாள். அதனால்தான் இந்த வயதிலும், பக்கத்து வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் நான் போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன். ஒன்றுமில்லை என்றால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும்.