புகைகிற மலையில் எங்கள் சாரங்கு

எங்கள் சாரங்கின் வலது கை ஒரு புல்கொத்தை இறுகப் பிடித்திருந்தது. ஜாவாவின் மலைச்சரிவில், எழுந்து நிற்கத் துணியாமல் குப்புறக் கிடந்தார். தூத்துக்குடியில் அவரை அறிந்த எந்தக் கப்பல்காரனும் இதை நம்பியிருக்க மாட்டான்.

கப்பலின் மேல்தட்டு ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பெரியதாழைக்காரர். புயலில் கப்பல் சாயும்போதும் வெற்றிலை மென்றபடி, "ஒண்ணுமில்லலே, கயித்தப் பிடி" என்பார். நாற்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கீழே நான் வேலை பார்த்தேன். உலகச் சண்டை ஜாவாக் கடலுக்கும் வரப்போகிறது என்று துறைமுகம் தோறும் பேச்சாகக் கிடந்த காலம். ஜாவாவின் சுரபயா துறைமுகத்தில் எங்கள் கப்பல் இயந்திரக் கோளாறால் நின்றது. மறுநாள் மாலை புறப்படும் என்றார்கள். சாரங்கு என்னைத் தனியே அழைத்தார்.

"என் தம்பி இங்கன மலைமேல கெடக்கான். வாரியாலே, கூட்டியாந்துருவோம்."

தம்பி வேறொரு கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். ஒருநாள் கொதிநீர்க் குழாய் வெடித்து, பக்கத்தில் நின்ற கூட்டாளி வெந்து செத்துப்போனார். சுரபயாவில் கரையிறங்கிய தம்பி அதன்பின் கப்பலேறவே இல்லை. மலைமேல் ஒரு விடுதியில் சமைக்கிறார் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். பெரியதாழையில் அவர் மனைவி காத்திருந்தாள். சண்டை வந்தால் வழியெல்லாம் அடைபட்டுவிடும்.

காய்கறி ஏற்றும் லாரியில் தொற்றிக்கொண்டு போனோம். ஏற ஏறக் குளிர் எலும்பைத் தொட்டது. முட்டைக்கோஸ் பாத்திகளின் மேல் சாம்பல் படிந்திருந்தது. வேட்டு வெடித்த இடத்தின் வாடை காற்றில் விடாமல் வந்தது. லாரி நின்ற இடத்திலிருந்து நடந்தோம். தொலைவில் எரிமலையின் வாய் வெண்புகை விட்டது. சாரங்கு அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விடுதியில் தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார். சோறு போட்டார். ஆனால் வர மறுத்துவிட்டார். "கண்ண மூடுனா அந்தக் கொதிதண்ணிதாம்ணே வருது. கப்பல் ஏணிய மிதிக்க என்னால ஆவாது." சாரங்கு வற்புறுத்தவில்லை. விடிந்ததும் நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். சற்றுத் தூரம் போயிருப்போம், மலை உறுமியது. காலடியில் மண் நடுங்கியது. அப்போதுதான் சாரங்கு விழுந்தார்.

"தரையே ஆடுதேலே... கடல்ல ஆடுனா கப்பலப் பிடிக்கலாம். இங்கன எதப் பிடிக்க?"

தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. கப்பல் போய்விடுமோ, மலை வெடித்துவிடுமோ, எதற்கு முதலில் பயப்படுவதென்று தெரியாமல் விடுதிக்கு ஓடினேன். தம்பி வந்தார். அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் புல்லிலிருந்து பிரித்தெடுத்தார். "இது அடிக்கடி உறுமும்ணே. என் தோளப் பிடிச்சிக்க." சாம்பல் விழுந்ததால் லாரி வரவில்லை. அடிவாரம் வரை நடந்தே இறங்கினோம். ஒவ்வொரு அதிர்வுக்கும் சாரங்கு உட்கார்ந்துவிடுவார். நான் வெயில் சாய்வதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கீழே ஒரு வண்டி கிடைத்ததும் தம்பி விடுதிக்குத் திரும்பிப் போகப் பார்த்தார். தோளைப் பிடித்த அண்ணனின் கை விடவில்லை. அவரும் வண்டியில் ஏறினார்.

துறைமுகத்தில் ஏணியை இழுக்க ஆயத்தமாக நின்றார்கள். சாரங்கு தம்பியின் தோளிலிருந்து கையை எடுத்தார். "நீ போறதுன்னா போப்பா. ஒன் பொண்டாட்டிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." தம்பி போகவில்லை. ஏணியைப் பார்த்தபடி நின்றார். காலையில் அண்ணன் புல்லைப் பிடித்தது போலவே அவர் அண்ணனின் சட்டையை இறுகப் பிடித்தார். சாரங்கு மெல்ல, "கீழ கரி அள்ள அனுப்ப மாட்டேன். சமையக்கட்டுலயே இரு" என்றார். தம்பி கண்களை மூடிக்கொண்டு, அந்தப் பிடியை விடாமல் ஏறினார். கப்பல் அதிகாரியிடம் சாரங்கு என்ன சொல்லித் தம்பிக்கு இடம் வாங்கினார் என்பது எனக்குத் தெரியாது.

தூத்துக்குடியில் கப்பல் எட்டவே நங்கூரமிட்டது. தோணியில் கரைக்கு வந்தோம். சேதி போயிருந்ததால் தம்பியின் மனைவி வந்து நின்றாள். கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு சாரங்கின் காலில் விழப்போனாள். "நீங்க இல்லன்னா யாரு மச்சான் இவுகளக் கூட்டியாருவா?"

சாரங்கு பதறி விலகினார். சுற்றிலும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் நின்றார்கள்.

"நான் கூட்டியாரல தாயி. அங்கன நான் பயந்து விழுந்து கெடந்தேன். அவந்தான் என்னயக் கூட்டியாந்தான்."

பெரிய மனுசன் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் நானும் சிரிக்கவில்லை.