சுவரிடம் பேசிய பிள்ளை

இசக்கிச்செல்வி கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் அப்பா ராஜபாளையம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனார். புருஷனுடைய வயல் பங்கை அவள் அம்மா பொன்மணி கேட்டாள். அன்றோடு மூத்தார் பெண்டாட்டி நிர்மலாதேவி அவளிடம் பேச்சை நிறுத்தினாள்.

சங்கரன்கோவிலில் ரத வீதிக்குப் பின்னால் ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு. அடுப்பு ரெண்டு, குழாய் ஒன்று. சொல்லியே தீர வேண்டியதை நிர்மலாதேவி சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

"சொவரே, தண்ணி வருது, கொடத்த எடுக்கச் சொல்லு."

பொன்மணி மட்டும் சளைத்தவளா? அவளும் அதே சுவருக்குத்தான் பதில் சொன்னாள்.

நிர்மலாதேவி தன் பையன்களைத் தொட்டில் பக்கமே விடவில்லை. பொன்மணிக்கோ தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓடவே பொழுது சரியாக இருந்தது. கொஞ்ச ஆளில்லாத பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது, பசிக்கிறது என்று அது சுவரைப் பார்த்துச் சொன்னது. பேச்சென்றால் இப்படித்தான் என்று நினைத்துவிட்டது. இதை நிர்மலாதேவிக்குத் திருப்பிக் கொடுக்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று பொன்மணி மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

பால்வாடியில் மற்றப் பிள்ளைகள் செல்வியைச் சுவத்துப்பல்லி என்றார்கள். அங்கே சமைத்த அலிமா பீவி மட்டும் விடவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் முட்டை என்று மோவாயைத் திருப்பித் திருப்பிப் பழக்கினாள். தன் மகள் பர்ஹத்தை எந்நேரமும் அவளோடு விளையாட விட்டாள். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, அந்த ரெண்டு பேரும் போடும் சிரிப்பில் பஸ் டிரைவரே திரும்பிப் பார்ப்பார்.

நிர்மலாதேவியின் புருஷன் போய்ச் சேர்ந்தார். வெளியூரில் இருக்கும் பையன்கள் போனைக்கூட எடுப்பதில்லை. ஒரு சாயங்காலம் அவள் கொழுக்கட்டைத் தட்டோடு பொன்மணியின் நிலைவாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி செல்வி, பெரியம்மைகிட்ட ரெண்டு வார்த்தை பேசேன்."

செல்வி அம்மாவைப் பார்த்தாள். பொன்மணி அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. செல்வி சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"சொவரே, தட்ட அங்கன வச்சிட்டுப் போகச் சொல்லு."

குரலில் துளிக் கோபம் இல்லை. அதுதான் பொன்மணிக்கு இனித்தது.

நிர்மலாதேவி போகவில்லை. அவளும் சுவரைப் பார்த்தாள்.

"சொவரே, ஒரு தடவை எம் மூஞ்சியப் பாக்கச் சொல்லு."

திரும்பு மக்கா என்று பொன்மணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை திரும்பிவிடும். அது அவளுக்குத் தெரியும். களைந்த அரிசியில் மறுபடியும் தண்ணீர் விட்டு, நிதானமாகக் களைய ஆரம்பித்தாள்.