டால்பின் வாயால் விசிலடிப்பதில்லை

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். டால்பின்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று சிறு குழந்தைகளுக்குச் சொல்லும் பதினாறு பக்கப் படப்புத்தகம் ஒன்று உண்டு. அதை எழுதியவன் நான். அட்டையில் இருப்பதோ அப்போது எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த நண்பரின் பெயர். கேட்டபோது, "உங்க பேரு விட்டுப்போச்சு" என்றார். சில்லறை விட்டுப்போகும், குடை விட்டுப்போகும். பெயர் எப்படி விட்டுப்போகும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன நவம்பரில் அந்தப் புத்தகம் சிவகாசியில் மறுபதிப்பு ஆவதாகத் தெரிந்தது. நண்பரிடம் போனில் சண்டை போட்டேன். "என்ன மாத்தணுமோ நீங்களே நேர்ல போய் மாத்திக்கோங்க, நான் அச்சகத்துல சொல்லிடுறேன்" என்று வைத்துவிட்டார். என் கையெழுத்துப் பிரதியை ஆதாரமாகப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.20க்குப் பேருந்து. விருதுநகர் வழியாகச் சுமார் 75 கி.மீ., கட்டணம் 70 ரூபாய். விருதுநகரில் பத்து நிமிடம் நிற்கும். எண்ணெய் பரோட்டாவை நினைத்து இறங்காதீர்கள், அது சாயங்காலச் சமாச்சாரம். காலையில் டீயும் வடையும்தான். 8.35க்குச் சிவகாசி.

அச்சக மேற்பார்வையாளர் செல்வின் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க சார். சாப்பிட்டீகளா?" என்றார். சிவகாசியில் நான் எதிர்பார்த்தது தகராறு. கிடைத்தது இரண்டு இட்லி.

சாப்பிட்டு முடித்ததும், பிளேட் எனப்படும் அச்சுத் தகடுகளின் நிலைமையைச் சொன்னார். "கலர் பிளேட்டத் தொட வேண்டாம் சார். எழுத்து பூராவும் கறுப்பு பிளேட்லதான். அட்டைக்கு ஒண்ணு, உள்பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டுல ஒண்ணுதான் மாத்த முடியும். காலண்டர் சீசன், மிஷினுக்கு அம்புட்டு லோடு நிக்குது. மொதலாளி ஒரு பிளேட்டுக்குத்தான் நேரம் குடுத்திருக்காக."

"அட்டை போதும். பேரு மட்டும் மாறணும்."

"அப்ப மூணு மணிக்கு வாங்க. நாலு மணிக்கு மிஷின் ஓடிரும். அதுவரைக்கும் இங்கன உக்காந்து என்ன செய்யப் போறீக? எம். புதுப்பட்டியில எம் பொண்டாட்டி ரெண்டாங்கிளாஸ் டீச்சரு. பிள்ளைகளுக்கு ஒங்க புஸ்தகத்தத்தான் வாசிச்சுக் காட்டுறா. போய்ப் பாருங்க."

புதுப்பட்டிக்குப் பன்னிரண்டு கி.மீ. ஆட்டோவுக்கு 280 ரூபாய். "வெடி வாங்கவா சார்?" என்றார் ஓட்டுநர். டால்பின் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். "எங்க கம்மாய்ல கெளுத்தி மீனே அருகிப்போச்சு. இதுல டால்பினா!" என்று ஊர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

செல்வினின் மனைவி ஸ்டெல்லா டீச்சர் என்னை வகுப்பில் உட்காரவைத்து, "பிள்ளைகளா, இந்தப் புஸ்தகத்த எழுதுன சார் வந்திருக்காக" என்றார். ஆறு வருடத்தில் என்னை அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

கடலுக்குள் கண் ரொம்பத் தூரம் எட்டாது, சத்தம் எட்டும். அதனால் ஒவ்வொரு டால்பின் குட்டியும் தனக்கென்று ஒரு விசிலை உருவாக்கிக்கொள்ளும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதற்கு அந்த விசில். அந்தக் குட்டியைக் கூப்பிட வேண்டுமானால் இன்னொரு டால்பின் அதே விசிலை அடித்துக் காட்டும்.

"எங்கம்மா வேன் ஹாரன் மாதிரியா சார்?" என்றாள் முன்வரிசைச் சிறுமி. பெயர் முத்துமாரி.

எனக்குப் புரியவில்லை. டீச்சர் சொன்னார். காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் தெருமுனைக்கு வரும். ஒவ்வொரு ஓட்டுநரும் ஒவ்வொரு மாதிரி ஹாரன் அடிப்பார். வீட்டுக்குள் தலை சீவிக்கொண்டிருக்கும் பெண்கள் எட்டிப் பார்க்காமலே தங்கள் வேன் எது என்று தெரிந்து கிளம்புவார்கள்.

"பீப்... பீப்பீப்!" என்றான் ஒருவன். "இது எங்கம்மா வேன்."

"ஏலே, அது பச்ச வேன்லே! ஒங்கம்மா போறது நீல வேன்லே!"

வகுப்பு முழுவதும் ஹாரன் மயம். இதைவிட நல்ல உதாரணம் என் புத்தகத்தில் இல்லை. ஹாரன் வேனுக்கு உரியது, டால்பினுக்கோ ஆளுக்கு ஒரு விசில் என்று சொன்னதும், எல்லோரும் தங்களுக்கென ஒவ்வொன்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று வைத்தாள் முத்துமாரி: இரண்டு குட்டை விசில், ஒரு நீளம்.

டால்பின் 'டிக் டிக்' என்றும் சத்தமிடும். கிணற்றில் குனிந்து கூப்பிட்டால் நம் குரல் திரும்பி வருகிறதே, அதுபோல அந்தச் சத்தம் மீனில் பட்டுத் திரும்பி, மீன் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். பேச்சு வேண்டாதபோது துடுப்பால் துடுப்பை உரசிக்கொள்ளும், நீங்கள் கைகோத்துப் போவதுபோல. இதையும் சொன்னேன்.

முத்துமாரி விடவில்லை. ஆறாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். "வாயத் தொறந்து விசிலடிக்கும்னு போட்டிருக்கு. தண்ணிக்குள்ள வாயத் தொறந்தா தண்ணி போயிராதா சார்?"

திகைத்துப் போனேன். டால்பின் வாயால் விசிலடிப்பதில்லை. தலைக்கு மேலே உள்ள மூச்சுத்துளைக்குக் கீழே, உள்ளேயே சத்தத்தை உண்டாக்கி நெற்றி வழியாக அனுப்பும். கீழ்த்தாடை வழியாகக் கேட்கும். எனக்குத் தெரியாததா? அட்டையில் இருக்கும் அந்த ஆள்தான் மாற்றியிருக்க வேண்டும் என்று கொதித்துப்போய்ப் பையிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். அதே வரி, என் கையெழுத்தில், பச்சை மையில் இருந்தது. பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன். ஆறு வருடமாக என் பெயரைத் தேடியவன் ஆறாம் பக்கத்தை ஒருமுறைகூடத் திரும்பப் படிக்கவில்லை.

"நீ சொன்னதுதாம்மா சரி. நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"பரவால்ல சார். அழிச்சிட்டு எழுதுங்க" என்றாள். டீச்சர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அச்சகத்தில் செல்வின் அட்டையின் கறுப்பு எழுத்தைக் கணினியில் திறந்து வைத்திருந்தார். "பேர எப்பிடிப் போடணும் சார், இனிஷியலோடயா?"

"உள்பக்கத்தத் திறங்க. ஆறாம் பக்கம்."

"அப்ப அட்டையத் தொட முடியாது. ஆறு வருசமாக் கேக்குறதாச் சொன்னீகளே?"

"ஆமா. இதப் புதுப்பட்டிப் பிள்ள இன்னைக்குத்தான் கேட்டுச்சு."

செல்வின் டீ வரவழைத்தார். 'டால்பின் வாயைத் திறக்காமலே விசிலடிக்கும்' என்ற வரியோடு முதல் தாள் 4.10க்கு வெளியே வந்தது. மை காயாத அந்தத் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். இட்லிக்கும் தாளுக்கும் அந்தத் தம்பதிக்கு நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

போகிறவர்களுக்கு: அச்சகம் பார்க்க விரும்பினால் காலண்டர் சீசன் முடிந்து போங்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், அந்தப் பக்கம் தீப்பெட்டியும் கொண்டுபோகாதீர்கள். புதுப்பட்டியில் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிடாமல் காத்திருக்கச் சொல்லுங்கள், காத்திருப்புக்கு நான் 150 கொடுத்தேன். மதுரைக்கு 5.15 பேருந்தில் ஏறினால் ஏழரைக்கு வந்துவிடலாம். குழந்தைகளுக்கு டால்பினைச் சொல்லித் தருவதானால் அவர்கள் தெருவில் கேட்கும் சத்தத்திலிருந்து தொடங்குங்கள்.

நண்பரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அட்டையில் இன்னும் அவர் பெயர்தான். அதைப் பார்த்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் இங்கே என் பெயரைப் போட்டால், படிப்பவர்கள் ஆறாம் பக்கத்தை விட்டுவிட்டு எங்கள் சண்டையைப் பேசத் தொடங்குவார்கள். இந்தப் பக்கத்தின் கீழே, எழுதியவர் பெயருக்கான கட்டத்தில் மூன்று முறை தட்டச்சு செய்து மூன்று முறையும் அழித்துவிட்டேன். புதுப்பட்டியில் என்னைக் கூப்பிட இரண்டு குட்டை, ஒரு நீளம் போதும். கட்டத்தைக் காலியாகவே விட்டு இதை வெளியிடுகிறேன்.